எண்ணேடு காத்த ஜான் போஸ்டல்

பேரரசுகளை நிறுவியோர் சரித்திரமும், பெரும் போர்களில் வாகை சூடியோர் சரித்திரமும் மாணவர் பலரும் கற்றறிந்தனவே. கணக்கெழுதி வைத்த ஒருவருடைய சரித்திரத்தைக் கற்க வாரீர் என்று அழைத்தால் அவர்கள் சற்றே புன்னகை புரியவும் கூடும். ஆயினும், ஒரு கிராமத்தில் நிலங்களின் எல்லையும் எண்ணும் குறித்த ஏடு பழுதுபடுமாயின், ஒருவன் வயலை மற்றொருவன் உழ, வழக்கும் பகையும் மலிந்து, ஊர் முழுதும் நிலைகுலையும் என்பதை நாட்டுப்புறத்திற் பிறந்தோர் நன்கறிவர். உலகமெங்கும் பரந்து கிடக்கும் இணையம் என்னும் பெருவலைக்கும் அத்தகைய எண்ணேடு ஒன்று உண்டு. அவ்வேட்டினை ஏறத்தாழ முப்பது ஆண்டு காலம் காத்து நின்றவர் ஜொனாதன் புரூஸ் போஸ்டல் என்னும் அமெரிக்கர். அவர் பெயரைத் தமிழில் எழுதுங்கால் அது தபால் இலாகாவை நினைவூட்டுவது தற்செயலே எனினும், அவர் செய்த வேலைக்கு அப்பெயர் பொருந்தியதேயாம்.

அவ்வேடு நம் கண்முன் தோன்றும் இடம் ஒன்றை முதற்கண் கூறுவோம். பிரீ-பி.எஸ்.டி. என்பது கணினிகளை இயக்கும் முறைமைகளுள் ஒன்று. கெர்னல் எனப்படும் அதன் உட்கருவினுள்ளே, வலைத்தொடர்புக்குரிய சிறு சிறு கணுக்களைப் படைத்து, அவற்றைக் கொக்கியிட்டு ஒன்றோடொன்று பிணைக்கும் ஏற்பாடு ஒன்று 1999-ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்டது. நெட்கிராப் என்பது அதன் பெயர். அக்கணுக்களை ஆள்வதற்கு என்.ஜி.சி.டி.எல். என்னும் கட்டளைக் கருவி உளது. வெறுந்திரையில் ஒரு வரி தட்டெழுத ஒரு கணு பிறக்கும். மற்றொரு வரியால் அது வேறொரு கணுவோடு இணையும். பின்னும் ஒரு வரியால் அது மறையும். அக்கணுக்களுள் ஒரு வகை வெளியுலகத்தோடு பேசுதற்கு வாயிலாக அமைவது. அதனைப் படைக்கும் மாணவர், அது எந்த நெறிமுறையிற் பேசவேண்டும் என்பதையும் கூறல் வேண்டும். யு.டி.பி. என்று பெயராலும் கூறலாம். 17 என்று எண்ணாலும் கூறலாம். டி.சி.பி. எனின் 6, ஐ.சி.எம்.பி. எனின் 1. தூத்துக்குடியில் உள்ள கணினிக்கும் டோக்கியோவில் உள்ள கணினிக்கும் 17 என்பது ஒரே பொருளைத் தருவது எவ்வாறு? அவ்வெண்ணை இட்டவர் யார்? இட்டவர் சொல்லை உலகம் ஏற்றது யாது காரணத்தால்? இவ்வினாக்களுக்கு விடை தேடிச் செல்வோர் போஸ்டலின் வாழ்க்கையில் வந்து நிற்பர்.

பிறப்பும் கல்வியும்

போஸ்டல் 1943-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் நாள் கலிபோர்னியா மாகாணத்தில் ஆல்டடீனா என்னும் ஊரிற் பிறந்தார். வான் நைஸ் என்னும் இடத்து உயர்தரப் பள்ளியிற் பயின்றார். பிற்காலத்தில் இணையத்தின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்பெற்ற விண்டன் செர்ஃப் என்பாரும், ஸ்டீபன் கிராக்கர் என்பாரும் அதே பள்ளியின் மாணவர்களே. மூவரும் பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாச் சர்வகலாசாலையில் ஒருங்கே உழைக்க நேர்ந்தது. போஸ்டல் அங்கே பொறியியலில் 1966-ஆம் ஆண்டு இளநிலைப் பட்டமும், 1968-ஆம் ஆண்டு முதுநிலைப் பட்டமும் பெற்றார். 1974-ஆம் ஆண்டில் கணினி விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டமும் எய்தினார். கணினிகள் தம்முள் உரையாடும் நெறிமுறைகளைக் கணுவும் கோடுமாக வரைந்து ஆராய்வதே அப்பட்டத்திற்கு அவர் எழுதிய ஆராய்ச்சியின் பொருள். இரண்டு கணுக்களுக்கிடையே உரையாடல் பிழையின்றி நடைபெற வேண்டுமாயின் எவையெவை முன்னரே உடன்பட்டிருத்தல் வேண்டும் என்னும் கேள்வியை அவர் தம் ஆயுள் முழுதும் விட்டாரில்லை.

முதற் கணு

அமெரிக்க அரசாங்கத்தின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமாகிய ஆர்ப்பா, தூரத் தூர இடங்களிலுள்ள கணினிகளைக் கம்பிவழியே இணைக்கும் முயற்சியை அக்காலத்தில் மேற்கொண்டிருந்தது. அவ்வலைக்கு ஆர்ப்பாநெட் என்று பெயர். அதன் முதற் கணு 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் போஸ்டல் பயின்ற சர்வகலாசாலையிலேயே நிறுவப்பெற்றது. பேராசிரியர் லியனார்ட் கிளைன்ராக் அவர்களின் ஆராய்ச்சிக் கூடத்தில் உழைத்த மாணவருள் போஸ்டலும் ஒருவர். அவ்வாண்டு அக்டோபர் 29-ஆம் நாள் அங்கிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதற் செய்தி அனுப்பப்பட்டது. இரண்டே எழுத்துக்கள் சென்ற அளவில் எதிர்ப்பக்கத்துக் கணினி செயலற்று நின்றது. பின்னர்ச் சீர்செய்து தொடர்ந்தனர். ஆண்டு முடிவதற்குள் கணுக்கள் நான்காயின.

அக்கணுக்களைப் பேசவைக்கும் விதிகளை வகுக்கும் பொறுப்பு பெரும்பாலும் இளம் மாணவர்களிடமே வந்து சேர்ந்தது. அவர்களுக்கு மேலே அதிகாரி என்று சொல்லத்தக்கவர் இலர். தாம் எழுதுவது கட்டளையென்று பிறர் கொள்ளாதிருக்கும் பொருட்டு, கருத்துரை வேண்டும் குறிப்புக்கள் என்று அவற்றுக்குப் பணிவான பெயரிட்டுத் தமக்குள் வழங்கினர். முதற் குறிப்பினைக் கிராக்கர் 1969-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எழுதினார். ஆர்.எஃப்.சி. என்று சுருங்க வழங்கும் அவ்வரிசையைத் தொகுத்து, திருத்தி, எண்ணிட்டு வெளியிடும் பணி விரைவில் போஸ்டலின் கைக்கு வந்தது. அன்று தொட்டு இறக்குமளவும் அப்பணியை அவர் விடவில்லை. அவர் காலத்தில் இவ்வரிசை இரண்டாயிரத்து நானூற்றுக்கு மேற் பெருகியது. யாவரும் விலையின்றிப் பெற்றுப் படிக்கலாம் என்பதே அதன் முதல் விதி. ஒருவர் எழுதி அனுப்பியது தெளிவற்றிருப்பின், அவர் எத்துணைப் புகழுடையாராயினும், போஸ்டல் திருப்பி அனுப்பத் தயங்கியதில்லை.

எண்ணேடு பிறந்த வகை

கணினி ஒன்றினுள் பல வேலைகள் ஒரே காலத்தில் நடைபெறும். வெளியிலிருந்து வரும் செய்தி அவற்றுள் எதனைச் சேரவேண்டும் என்பதை ஓர் எண்ணாற் குறிப்பது வழக்கம். ஒரு பெரிய கட்டடத்தின் வாயிலில் வந்த கடிதம், அறையின் எண் இல்லாவிடின் யாரிடம் சேரும்? ஆதியில் ஒவ்வொரு நிலையத்தாரும் தத்தம் மனம் போனவாறு எண்களை வழங்கினர். 1972-ஆம் ஆண்டு மே மாதத்தில் போஸ்டல் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். எல்லாரும் ஒப்புக்கொள்ளத்தக்க எண்களை வழங்குதற்கு ஒருவர் வேண்டும் என்றும், அவ்வேலையைத் தாமே ஏற்கலாமோ என்றும் அதில் ஐயக்குறியோடு வினவியிருந்தார். மறுத்தவர் இலர். இவ்வாறே அவருடைய அதிகாரம் பிறந்தது. சட்டமோ சாசனமோ தேர்தலோ அதற்கு அடிப்படையாக அமையவில்லை. பிறர் அலுப்பென்று ஒதுக்கிய வேலையை ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டார், அவ்வளவே.

அவ்வேலையின் தன்மையை நாம் நன்கு உணர்தல் வேண்டும். எதிரொலி கேட்கும் சேவைக்கு 7, மின்னஞ்சலுக்கு 25, பெயர் வினவுதற்கு 53, வலைப்பக்கங்களுக்கு 80 என்று இன்றும் வழங்கும் எண்களில் இயற்கையான பொருத்தம் ஒன்றும் இல்லை. 25-க்குப் பதிலாக 26 என்று வைத்திருந்தாலும் தபால் செல்லும். ஆனால், ஒருவர் 25 என்றும் மற்றொருவர் 26 என்றும் வைத்தால் தபால் செல்லாது. எனவே எண்ணின் மதிப்பு முழுதும், எல்லாரும் ஒரே ஏட்டைப் பார்க்கின்றனர் என்பதில் அடங்கியுள்ளது. ஏட்டைக் காப்பவர் ஒருமுறை ஒருவருக்குச் சலுகை காட்டினாலும், கொடுத்த எண்ணையே மறந்து பிறருக்குக் கொடுத்தாலும், மக்கள் வேறோர் ஏட்டைத் தேடிச் செல்வர். இரண்டு ஏடுகள் தோன்றிய அன்றே இரண்டு வலைகள் தோன்றிவிடும். போஸ்டல் இதனை நன்குணர்ந்தவர். கேட்டவர் பெரிய நிறுவனத்தாராயினும் ஏழை மாணவராயினும் தேவையை ஆராய்ந்து எண் வழங்கினார். ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்னும் அம்மையார் இவ்வேலையிற் பல ஆண்டு அவருக்கு உற்ற துணையாக விளங்கினார். ஐயானா என்னும் பெயர் பிற்காலத்தில் இப்பணிக்கு வழங்கலாயிற்று. பெயர் பெரிதாயினும் அலுவலகம் சிறிதே.

நெறிமுறைகள் வகுத்தமை

மைட்டர் நிறுவனத்திலும், ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்திலும் சில காலம் உழைத்தபின், 1977-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் போஸ்டல் தென் கலிபோர்னியாச் சர்வகலாசாலையின் தகவல் விஞ்ஞான நிலையத்திற் சேர்ந்தார். கடற்கரையூராகிய மெரீனா டெல் ரே என்னுமிடத்தில் அந்நிலையம் இருந்தது. அவர் வாழ்வின் எஞ்சிய இருபத்தோராண்டும் அங்கேயே கழிந்தது.

அக்காலத்தில் டி.சி.பி. என்னும் ஒரே நெறிமுறை இரண்டு வேலைகளைச் சுமந்து நின்றது. பொதிகளைக் கணுவுக்குக் கணு கடத்திச் செல்வது ஒன்று. இரு முனைகளிலும் உள்ள கணினிகள், ஒன்றும் குறையாமலும் வரிசை பிறழாமலும் அவை வந்து சேர்ந்தனவா என்று சரிபார்ப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் கலப்பது தவறு என்று போஸ்டல் 1977-ஆம் ஆண்டு ஆகஸ்டில் எழுதினார். வழியிடையில் உள்ள கணு பொதியின் முகவரியை மட்டும் பார்த்தாற் போதும். உள்ளே இருப்பதை ஆராய்வது அதன் வேலையன்று. மேலும், பேச்சொலியைப் பொதிகளாக அனுப்புங்கால் ஓர் அசை தவறினால் அதனைத் திரும்பப் பெறுவதிற் பயனில்லை; பிந்தி வரும் அசை பேச்சைக் குழப்பவே செய்யும். செர்ஃப், போஸ்டல், டானி கோஹன் ஆகியோர் ஆராய்ந்து 1978-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நெறிமுறையை இரண்டாகப் பிரித்தனர். கடத்தும் வேலை ஐ.பி.க்கும், சரிபார்க்கும் வேலை டி.சி.பி.க்கும் உரியவாயின. சரிபார்த்தல் வேண்டாதவர்க்கென யு.டி.பி. என்னும் எளிய நெறிமுறையைப் போஸ்டல் 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வகுத்தார். அதன் விதிகள் மூன்றே பக்கங்களில் அடங்கும். நாம் முன்னர்க் குறித்த 17 என்னும் எண் இதற்குரியதே.

1981-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐ.பி., ஐ.சி.எம்.பி., டி.சி.பி. என்னும் மூன்றன் விதிகளும் அவரால் தொகுக்கப்பெற்று வெளிவந்தன. மறு ஆண்டில் மின்னஞ்சல் செல்லும் முறையையும் அவர் எழுதினார். இவற்றுள் ஐ.சி.எம்.பி. என்பது கணுக்கள் தம்முள் நலம் வினவிக்கொள்ளும் நெறி. ஒரு கணு எதிரொலி வேண்டி ஒரு பொதி அனுப்பும். மறுகணு உயிரோடிருப்பின் அதனை அப்படியே திருப்பி அனுப்பும். அவ்விதியைப் பயன்படுத்தி 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் மைக் மியூஸ் என்னும் அமெரிக்கர் பிங் என்னும் சிறு கட்டளைக் கருவியை ஒரே மாலைப்பொழுதில் எழுதினார். வலை பழுதுற்ற போது பொறிஞர் முதன் முதல் தட்டெழுதும் கட்டளை இன்றளவும் பெரும்பாலும் அதுவே. ஒருவர் எழுதிய தெளிவான விதி, தாம் எண்ணிப்பாராத மற்றொருவர் கையில் நற்கருவியாக மலர்வதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை. இதே ஆண்டில் பெர்க்லி சர்வகலாசாலையார் தம் யூனிக்ஸ் முறைமையின் உட்கருவில் இந்நெறிமுறைகளைப் பொதிந்து வெளியிட்டனர். நாம் தொடக்கத்திற் கூறிய பிரீ-பி.எஸ்.டி. அதன் வழித்தோன்றலே.

விதிகளை எழுதியதோடு போஸ்டல் ஓர் ஒழுக்கத்தையும் வற்புறுத்தினார். தான் அனுப்பும் செய்தியில் விதியைச் சிறிதும் பிறழலாகாது. பிறர் அனுப்பும் செய்தியிற் சிறு பிழையிருப்பின் பொருள் விளங்குமாயின் பொறுத்து ஏற்க வேண்டும் என்பது அவர் கருத்து. இயந்திரத்துக்குச் சொன்ன இவ்விதி மனிதர்க்கும் பொருந்தும் என்று அதனைப் பலர் பாராட்டினர். இவ்வாறு பொறுப்பதாற் பிழைகள் திருத்தப்படாமலே வேரூன்றி விடுகின்றன என்று பிற்காலத்துப் பொறிஞர் சிலர் மறுத்துரைத்ததும் உண்டு. இரண்டு பக்கத்தும் நியாயம் உளது.

பழைய நெறிமுறையிலிருந்து புதியதற்கு மாறும் திட்டத்தையும் போஸ்டலே எழுதினார். 1983-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் ஆர்ப்பாநெட்டிலுள்ள கணினிகள் யாவும் மாறல் வேண்டும் என்பது ஏற்பாடு. நாள் கடத்துவோர் எங்கும் உளர் அன்றோ? அவர்களுக்கு நினைவூட்டும் பொருட்டு 1982-ஆம் ஆண்டிலேயே பழைய நெறிமுறையைச் சிறிது காலம் நிறுத்திக் காட்டினர். குறித்த நாளில் மாற்றம் நிகழ்ந்தது. இன்றைய இணையத்தின் பிறந்தநாளாக அறிஞர் பலர் அந்நாளையே கொண்டாடுகின்றனர்.

பெயர்களின் மரம்

எண்களை மனிதர் நினைவிற் கொள்ளுதல் அரிது. ஆதலின் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு பெயரிட்டு, பெயருக்கு நேரே எண்ணை எழுதிய ஒரே பட்டியலை ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் அம்மையாரின் குழுவினர் காத்து வந்தனர். கணுக்கள் பெருகப் பெருகப் பட்டியல் தாங்காதாயிற்று. போஸ்டல் தம் நிலையத்திலிருந்த பால் மோகபெட்ரிஸ் என்பாரிடம் இதனைத் தீர்க்கும் வேலையை ஒப்புவித்தார். 1983-ஆம் ஆண்டு நவம்பரில் பெயர்களை ஒரு மரம் போல் வகுக்கும் முறை வெளிவந்தது. வேரினின்று கிளைகள், கிளையினின்று சிறு கிளைகள், ஒவ்வொரு கிளையையும் அவ்வக் கிளைக்குரியோரே பேணுவர். வேரிலே எந்தக் கிளைகள் இருத்தல் வேண்டும் என்பதை மட்டும் ஏடு காப்பவர் தீர்மானிப்பார். 1984-ஆம் ஆண்டு அக்டோபரில் போஸ்டலும் ரெனால்ட்ஸும் அக்கிளைகளின் பெயர்களை வகுத்து எழுதினர்.

தேசங்களுக்கும் தனித்தனிக் கிளைகள் வேண்டுமென்ற போது ஒரு சிக்கல் எழுந்தது. எது தேசம், எது தேசமன்று என்று தீர்ப்புக் கூறுபவர் யார்? கணினி நிலையம் ஒன்றில் அமர்ந்த ஒருவர் இத்தீர்ப்பினைக் கூறத் தொடங்கினால் உலகத்துச் சண்டைகள் யாவும் அவர் வாயிலிலேயே வந்து குவியும். போஸ்டல் அதனை மேற்கொள்ள மறுத்தார். சர்வதேசத் தர அமைப்பு ஏற்கெனவே வெளியிட்டிருந்த ஈரெழுத்துப் பட்டியலில் எந்தப் பெயர் உளதோ அதற்குக் கிளை உண்டு; இல்லாததற்கு இல்லை என்று வரையறுத்தார். இம்முறையிலேயே 1989-ஆம் ஆண்டில் இந்தியாவிற்கும், 1990-ஆம் ஆண்டில் இலங்கைக்கும் உரிய கிளைகள் வழங்கப்பெற்றன. தேசத்தின் கிளையைப் பெற்றவர் அதற்கு உடையவராகார், அத்தேசத்து மக்களின் பொருட்டும் உலகின் பொருட்டும் அதனைக் காக்கும் தர்மகர்த்தாவே ஆவர் என்னும் கொள்கையை 1994-ஆம் ஆண்டு மார்ச்சில் அவர் எழுதி வெளியிட்டார். தமக்கு வந்து சேர்ந்த அதிகாரத்தில் எவ்வளவைப் பயன்படுத்தலாகாது என்று அறிந்திருந்தமையே அவருடைய அறிவுடைமைக்குச் சான்றாகும்.

செல்வமும் சிக்கலும்

இக்காலத்துள் இணையம் ஆராய்ச்சியாளர் எல்லையைக் கடந்து வியாபாரிகள் கைக்குச் சென்றது. பெயர்களைப் பதிவு செய்யும் வேலை அமெரிக்க அரசாங்கத்தின் ஒப்பந்தத்தால் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்னும் நிறுவனத்துக்கு 1993-ஆம் ஆண்டு முதல் அளிக்கப்பட்டிருந்தது. 1995-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல், விலையின்றி வழங்கப்பெற்ற பெயர்களுக்கு ஆண்டுக்கு 50 டாலர் கட்டணம் விதிக்கப்பட்டது. ஒரே நிறுவனம் தனியுரிமையாகப் பெருஞ் செல்வம் ஈட்டுவது முறையன்று என்று பலர் முணுமுணுத்தனர். புதிய கிளைகளைச் சேர்த்துப் பலரும் பதிவு செய்ய இடமளிக்க வேண்டும் என்று போஸ்டலும் இணையச் சங்கத்தாரும் முயன்றனர். 1997-ஆம் ஆண்டில் அதற்கொரு சர்வதேச உடன்படிக்கையும் உருவாயிற்று. ஆயினும் அமெரிக்க அரசாங்கம் இசையவில்லை. ஏடு யாருடையது என்னும் கேள்வி அப்போதுதான் முதன்முதல் உரக்க எழுந்தது. எழுதி வைத்தவர் போஸ்டல். அவருக்கு ஊதியம் அளித்த ஒப்பந்தம் அரசாங்கத்தினுடையது. ஏற்று நடந்தவர் உலகத்தார்.

1998-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் நிகழ்ந்த செயலை ஈண்டுச் சற்று விரித்துரைப்போம். பெயர் மரத்தின் வேரைத் தாங்கும் கணினித் தொகுதிகள் பதின்மூன்று. அவற்றுள் முதலாவது நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. ஏனைய பன்னிரண்டும் அதனைப் பார்த்தே தம் ஏட்டைப் படியெடுத்து வந்தன. அன்று போஸ்டல் அப்பன்னிரண்டில் எட்டனைக் காத்தோர்க்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். இனி முதற் கணினியை விடுத்துத் தம் நிலையத்துக் கணினியைப் பார்த்துப் படியெடுக்குமாறு அதில் வேண்டிக்கொண்டார். எட்டு இடத்தாரும் அவ்வாறே செய்தனர். அவர்களுள் பெரும்பாலோர் போஸ்டலின் கீழ் வேலை பார்ப்பவரல்லர். அவருக்குக் கீழ்ப்படியுமாறு எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டவில்லை. அவர் கேட்டார் என்பதே அவர்களுக்குப் போதிய காரணமாயிற்று.

இணையத்தைப் பயன்படுத்தியோர் எந்த மாறுதலையும் அறியவில்லை. இரண்டு ஏடுகளிலும் எழுதியிருந்தது ஒன்றே. ஆயினும் செய்தி அரசாங்கத்துக்கு எட்டியது. ஜனாதிபதி கிளிண்டனின் ஆலோசகராகிய ஐரா மேகசைனர் முதலான உயர்தர அதிகாரிகள் உடனே பழைய நிலைக்குத் திருப்புமாறு கூறினர். போஸ்டல் அதற்கு உடன்பட்டு, இது ஒரு சோதனையே என்று விளக்கமும் கூறி, யாவற்றையும் முன்போல் ஆக்கினார். அச்செயல் நிகழ்ந்த இரண்டாம் நாள், பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் முறை பற்றித் தம் திட்டத்தினை அரசாங்கத்தார் வெளியிட்டனர்.

இச்செயலைப் பற்றி இன்றும் இருவேறு கருத்துக்கள் உள. ஏடு உலகத்தார்க்குப் பொதுவுடைமை என்பதை அமைதியாக நினைவூட்டினார் என்பர் ஒரு சாரார். எவரையும் கேளாமல் ஒருவர் ஒரு மின்னஞ்சலால் உலகத்து வலையின் வேரை நகர்த்தக் கூடுமாயின், அந்த ஒருவர் எத்துணை நல்லவராயினும், அந்நிலைமை அபாயமுடையது என்பர் மறுசாரார். நாம் இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, இரண்டாவது கூற்றைப் புறக்கணிக்க இயலவில்லை. போஸ்டலின் நேர்மையில் ஐயமில்லை. ஆனால், அவருக்குப் பின் அவ்விடத்தில் அமர்பவரும் அவரைப் போன்றே நேர்மையுடையவராயிருப்பர் என்பதற்கு யாது உறுதி? நம்பிக்கை ஒரு மனிதரோடு பிறந்து அம்மனிதரோடு இறப்பது. உலகம் அதன்மேல் வீடு கட்டிக் குடியேறிவிட்டால், அவ்வீட்டுக்கு வேறு தூணும் வேண்டும். போஸ்டலே இதனை உணர்ந்திருந்தார் என்பது அவர் பின்னர்ச் செய்தவற்றால் விளங்கும்.

இறுதி நாட்கள்

அவ்வாண்டின் எஞ்சிய மாதங்களை, தம் கையிலிருந்த ஏட்டைத் தம்மைச் சாராத ஒரு நிலையான சபையிடம் ஒப்படைக்கும் முயற்சியிலேயே அவர் கழித்தார். பல தேசத்தாரோடும் கலந்து விதிகளை வகுத்தார், திருத்தங்களை ஏற்றார், அரசாங்கத்தாரோடும் உடன்பட்டார். 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் ஐகான் என்னும் சபை சட்டப்படி பதிவு செய்யப்பெற்றது. அதற்குப் பதினாறு நாட்கள் கழித்து, அக்டோபர் 16-ஆம் நாள், இருதய வால்வினைச் சீர்செய்யும் சிகிச்சைக்குப் பின் நேர்ந்த சிக்கலால் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் போஸ்டல் காலமானார். அவருக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து.

நீண்ட தாடியும், எளிய உடையும், காலிற் சாதாரணச் செருப்பும் அணிந்து, எந்தச் சபைக்கும் அக்கோலத்திலேயே சென்று வந்தவர் அவர். இணையம் எண்ணற்றோர்க்குப் பெருஞ் செல்வத்தை வாரி வழங்கிய காலத்தில், அதன் எண்களையும் பெயர்களையும் கையில் வைத்திருந்த அவர் சர்வகலாசாலை ஊழியராகவே வாழ்ந்து முடிந்தார். செர்ஃப் தம் நண்பருக்கு எழுதிய இரங்கலுரை, போஸ்டல் காத்து வந்த அதே குறிப்பு வரிசையில் 2468-ஆம் எண்ணுடன் வெளிவந்தது. அதற்கு முன்னே எண்ணிடப்பெற்றவை யாவும் பெரும்பாலும் அவர் கண்பார்த்துத் திருத்தியவை. தமக்குரிய அந்த ஒன்றை மட்டும் அவர் பார்க்கவில்லை. இணையச் சங்கத்தார் அவர் பெயரால் 1999-ஆம் ஆண்டில் ஒரு விருதினை ஏற்படுத்தி, முதல் விருதினை அவருக்கே அளித்தனர்.

முடிவுரை

போஸ்டல் மறைந்தபின் வலை நின்றுவிடவில்லை. ஏடு புதிய சபையின் காவலில் தொடர்ந்தது. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில், போஸ்டல் காலத்து ஐ.பி. நெறிமுறை அனுமதித்த சுமார் 429 கோடி முகவரிகளுள் தலைமை ஏட்டில் எஞ்சியிருந்த கடைசித் தொகுதிகளும் பங்கிட்டுக் கொடுக்கப்பெற்றன. அப்போதும் எண் வழங்கியோர்க்குள் பூசல் நிகழவில்லை. 2016-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் அமெரிக்க அரசாங்கத்தின் ஒப்பந்தம் முடிவுற்று, மேற்பார்வை பல தரத்தாரும் கூடிய பொது அமைப்பினிடம் வந்து சேர்ந்தது. ஏடு ஒருவர்க்கோ ஓர் அரசாங்கத்துக்கோ உரியதாக இருத்தல் வேண்டுவதில்லை என்பது அதனால் நிலைநாட்டப்பெற்றது.

மாணவ நண்பர்காள்! கணினிக் கூடத்தில் அமர்ந்து, நீங்கள் ஒரு வரியால் ஒரு கணுவைப் படைத்து, அதற்கு 17 என்று நெறிமுறை குறிக்கும் போது, அவ்வெண் சரியாக வேலை செய்வதைக் கண்டு வியப்படைய மாட்டீர்கள். வியப்படையாமலிருப்பதே அதன் சிறப்பு. ஒருவர் அலுப்புத் தரும் ஒரு வேலையை வேண்டிப் பெற்று, ஒருநாளும் அதனைத் தம் நலத்துக்குப் பயன்படுத்தாமல், ஏறத்தாழ முப்பது ஆண்டு செய்தமையால் அந்த எண் உலகமெங்கும் ஒரு பொருளுடையதாக நிற்கின்றது. நம்முள்ளும் சிலர் நாளை ஒரு சங்கத்தின் கணக்கையோ, ஓர் ஊரின் பதிவேட்டையோ, ஒரு நூலகத்தின் பட்டியலையோ காக்கும் பொறுப்பை ஏற்கக்கூடும். அப்போது அந்த ஏட்டினைப் பழுதறக் காப்பதோடு, தம்மையன்றியும் அது நிலைபெற்று நடப்பதற்கு வழி செய்வதும் தம் கடமையென்பதை அவர்கள் நினைவிற் கொள்வாராக. போஸ்டல் முன்னதை ஏறத்தாழ முப்பது ஆண்டு செய்தார். பின்னதைத் தம் வாழ்வின் கடைசி ஆண்டிலே செய்து முடித்தார்.